நாலாவது வீலில் கேட்ட சத்தம்

நான் உள்ளே வந்ததும் பின்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததைக் கவனித்தேன். கோபம் இல்லை. டயர் மாட்டும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், அந்த வேலையில் அனுபவப்பட்டவர் ஒருவர் பேச வருகிறார் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். புடவையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒருத்தி வந்து நிற்பாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டீர்கள். இதே கடையில் ஃபிட்டிங் சூப்பர்வைசராக வேலை பார்த்துத்தான் ரிடையர் ஆனேன். அதற்கு முன்னால் ஆம்பூரில், எங்கள் வீட்டு வாசலில், கையால்தான் டயர் மாட்டினேன். கார் டயரை ரிம்மில் நெம்பி ஏற்ற இரண்டு லிவர், ஒரு வாளி சோப்புத் தண்ணீர், இரண்டு முழங்கால், இவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

மெஷினைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதை உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித்தருவார்கள். மெஷினுக்குத் தெரியாத ஒன்றிரண்டு விஷயங்களை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கல்யாணம் ஆன புதிதில் நான் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தாஸ் வாணியம்பாடியில் ஒரு டயர் கடையில் வேலை பார்த்தவர். பிறகு பெங்களூர் ரோட்டை ஒட்டிய எங்கள் வீட்டு வாசலிலேயே சொந்தமாக வேலை ஆரம்பித்தார். நாலைந்து வருஷம் நன்றாக ஓடியது. ஒரு நாள் ஜீப் வீலைத் தூக்கும்போது அவர் முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு, வருகிற கார்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். நான் கம்பெனியிலிருந்து வந்து அதைப் பார்ப்பேன். ஒரு வாரம் பார்த்தேன். எட்டாவது நாள் லிவரைக் கையில் எடுத்தேன்.

முதலில் வந்தது ஒரு ஃபியட். தாஸ் கட்டிலில் இருந்தபடியே சொல்லச் சொல்லச் செய்தேன். கீழ் விளிம்பு ஏறிவிட்டது. மேல் விளிம்பில் முக்கால்வாசி ஏறியது, கடைசி ஒரு சாண் ஏறவில்லை. சுத்தியலால் அடித்தேன். ஏறி நின்று குதித்தேன். வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறி ரத்தம் வந்தது. ரோட்டோரமாக ஒரு கார் நின்றது. அதை ஓட்டிவந்தவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். பேரணாம்பட்டு பக்கத்து ஆள். அங்கே ஒரு தோல் மண்டிக்காரர் வீட்டில் டிரைவர். பெயரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“இன்னாம்மா, ஏன் இவ்ளோ பேஜார் பண்றே அதை?”

“ஏற மாட்டேங்குதுங்க.”

“இந்தப் பக்கம் ஏறலைன்னா அந்தப் பக்கத்தைப் பாக்கணும். எதிர்ப்பக்கம் டயர் எங்க நிக்குது பாரு. ரிம்முக்கு நடுவுல பள்ளம் இருக்குதில்ல? அதுல அதை எறக்கு. முட்டியை வச்சு அமுக்கு. அப்புறம் இந்தப் பக்கம் தானா லூஸ் ஆவும். ஜாஸ்தி பலம் வேணாம்.”

முழங்கால் இரண்டையும் எதிர்ப்பக்கம் வைத்து அமுக்கினேன். டயரின் விளிம்பு நடுப்பள்ளத்தில் இறங்கியது தெரிந்தது. லிவரை ஒரு கையால் லேசாகத் தூக்கினேன். ஏறிவிட்டது. அவர் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தாஸுக்கு இது தெரியாததா? தெரியும். ஆனால் அவர் உடம்புக்குப் பலம் இருந்ததால் அதை யாருக்கும் வாயால் சொல்லவேண்டிய அவசியம் வந்ததில்லை. டயரின் விளிம்புக்குள் கம்பிக் கட்டு ஒன்று ஓடுகிறது, அது ரப்பர் மாதிரி நீளாது, அதற்கு இடம் கொடுத்தால்தான் ஏறும் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த ஐந்து நிமிஷத்தில்தான்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை பிடிபட்டுவிட்டது. ஒன்றரை வருஷத்தில் கம்பெனி வேலையை விட்டேன். தோல் தைத்த கை என்பதால் ரப்பரைத் தடவினாலே எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று தெரியும். வீட்டுக்கே கூப்பிட்டு அனுப்புவார்கள். கார் ஷெட்டில் ஜாக்கி போட்டு நிறுத்தியிருப்பார்கள், போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். ஒரு பெரிய வீட்டில், டயர் விளிம்பு ரிம்மில் ஒரு இடத்தில் உட்காராமல் நின்றது. காருக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, “இன்னும் காத்து அடி, உக்காந்துடும்” என்றார். நான் பம்பை நிறுத்திவிட்டு மொத்தக் காற்றையும் இறக்கினேன். “ஆம்பளையா இருந்தா அடிச்சிருப்பான்” என்றார். “அடிச்சிருப்பாங்க சார். டயர் மூஞ்சியில அடிச்சதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க” என்றேன். சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி முதலில் இருந்து ஏற்றினேன். குறைந்த காற்றிலேயே உட்கார்ந்தது. இதையெல்லாம் ஊரில் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்குத் திமிர் வந்துவிட்டது என்பதை அப்போது நான் உணரவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். தோல் கம்பெனி ஒன்றில் கெமிஸ்டாக இருந்த ஒருவர் எங்கள் சர்ச்சுக்கு வருவார். எல்லாரும் கெமிஸ்ட் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மனைவி ஸ்கூல் டீச்சர். அவர்களுடைய பையனுக்குத் திமிரியில் பெண் பார்த்து நிச்சயம் வைத்திருந்தார்கள். பழைய அம்பாசடர் ஒன்று வைத்திருந்தார் சார். அதற்கு நாலு புது டயர் வாங்கி டிக்கியிலும் பின் சீட்டிலும் அடைத்துக்கொண்டு, நிச்சயத்தன்று காலை ஆறரை மணிக்கு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“நேத்தே வரலாம்னு பாத்தேன் எஸ்தர், டயர் வந்து சேரவே ராத்திரி ஆய்டுச்சு. ஒம்போது மணிக்குள்ள ஆவுமா?”

“எட்டரைக்கே வந்து எடுத்துட்டுப் போங்க சார்.”

ஒன்பதுக்கு ஆகும் என்று சொல்லியிருந்தால் போதும். எட்டரை என்று சொன்னது என் வாய்க்கொழுப்பு.

சார் குளித்துக் கிளம்ப வீட்டுக்குப் போனார். அன்றைக்குப் பனி அதிகம். குளிரில் ரப்பர் கட்டைபோல இருந்தது. அப்படி இருந்தால் டயரை வெயிலில் அரை மணி நேரம் போட்டுவைத்த பிறகுதான் கை வைப்பேன். அன்றைக்கு வெயில் வரக் காத்திருக்கவில்லை. மூன்று வீல் முடித்தேன். ஒவ்வொன்றும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் ஏறியது. நாலாவது வீல் பாதியில் இருக்கும்போது எட்டேகால். முழங்கால் இரண்டும் வலித்தன. கடைசி ஒரு சாண் பாக்கி. எதிர்ப்பக்கத்தைப் பார்த்தேன். விளிம்பு பள்ளத்தில் முழுதாக இறங்கவில்லை. அது என் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. இதை நீங்கள் மறக்கக் கூடாது. தெரியாமல் செய்த தப்பு இல்லை அது. லிவர்களைக் கழற்றிவிட்டு மறுபடி அமுக்கியிருந்தால் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் மூன்றாவது லிவரைச் செருகி, அதன்மேல் ஏறி நின்றேன்.

டிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

ஷூ கம்பெனியில் மெஷின் ஓடும்போது ஊசி உடைந்தால் ஒரு சத்தம் வரும். அதைவிடச் சின்னது. டயர் ஏறிவிட்டது.

கட்டிலில் இருந்து தாஸ் கேட்டார். “இன்னா சத்தம்?”

“லிவர் வழுக்கிச்சு.”

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நான் காற்று அடித்தேன். ரிம்முக்கு மேலே டயரைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடும், பார்த்திருப்பீர்கள். ரிம்முக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். நாலு பக்கமும் பார்த்தேன். சமமாகத்தான் இருந்தது. சரி, ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சார் எட்டரைக்கு வந்தார். நாலு வீலும் காரில் இருந்தன. பழைய டயரில் தேறக்கூடியதாக ஒன்று ஸ்டெப்னி வீலில் அப்படியே இருந்தது. “சொன்ன மாதிரியே முடிச்சிட்டியேம்மா” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கை கழுவினேன். இட்லி தட்டில் வைத்து அவருக்கும் எனக்கும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு வாய் வைத்தேன். தட்டைக் கீழே வைத்தேன். வாசலில் லிவர்கள் கிடந்தன. எழுந்துபோய் அவற்றைத் துடைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அரை மணி நேரம் இப்படியே போனது. தாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“லிவர் வழுக்கலைங்க” என்றேன். “கம்பி.”

“தெரியும்.”

“தெரியுமா? அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?”

அவர் இட்லியை விரலால் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“வாணியம்பாடி கடைல இருக்கும்போது ஒரு டாக்ஸிக்கு மாட்டினேன். இதே சத்தம். மொதலாளி பக்கத்துல நின்னுக்கினு இருந்தார். நான் வாயைத் தொறக்கல. வண்டி போய்டுச்சு. எந்த ஊரு வண்டி, யாரு ஓட்டினான், ஒண்ணும் தெரியாது. ஒண்ணும் ஆவாமலே ஓடியிருக்கலாம். இன்னிக்கு வரைக்கும் பேப்பர்ல ஆக்சிடென்ட்னு போட்டிருந்தா அது இன்னா வண்டின்னுதான் மொதல்ல பாப்பேன். நீ வழுக்கிச்சுன்னு சொன்னதும், அப்பாடா, வழுக்கினதாவே இருக்கட்டும்னு நானும் விட்டுட்டேன். நீ சொன்னது பொய்னு தெரிஞ்சே விட்டுட்டேன் எஸ்தரு.”

கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அவர் இதை என்னிடம் சொன்னதில்லை.

“நான் போறேன்” என்றேன். அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வயர் கூடையில் வீல் ஸ்பேனரையும் வால்வுப் பின் கழற்றும் சின்னச் சாவியையும் போட்டுக் கொடுத்தார். ஜாக்கி அவர்கள் வண்டியிலேயே இருக்கும்.

சைக்கிளில் சார் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா, “இப்பதான், கால் மணி நேரம் இருக்கும். ஆறு பேரும் அதுலயே அடைச்சிக்கினு போறாங்க” என்றார். ஆறு பேர். பெங்களூர் ரோட்டில், எல்லாரும் விரட்டுகிற வேகத்தில். யாரிடமும் கையில் போன் இல்லாத காலம் அது. திமிரியில் பெண் வீடு எங்கே, என்ன பெயர், ஒன்றும் எனக்குத் தெரியாது. நின்று யோசித்தேன். டீச்சர் முந்தின ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் என்னிடம் பேசியது ஞாபகம் வந்தது. தட்டுக்குப் பழம், பூ எல்லாம் வேலூர் லாங் பஜாரில் அன்றைக்கே வாங்கிக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருந்தார். வண்டி வேலூரில் ஒரு மணி நேரமாவது நிற்கும். வேலூர் வரை நல்லபடியாகப் போயிருந்தால்.

சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு வேலூர் பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனேன். பள்ளிகொண்டாவுக்கு முன்னால் ஓரிடத்தில் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். எழுந்து நின்றுவிட்டேன். யாரோ தர்பூசணி வண்டியைக் கவிழ்த்துவிட்டிருந்தார்கள், அதை வேடிக்கை பார்க்கிற கூட்டம். பக்கத்தில் இருந்த அம்மா, “இன்னா ஆச்சு, ஒடம்பு சரியில்லையா?” என்றார். என் புடவை முந்தானை முழுக்க சோப்புத் தண்ணீர்க் கறை. மாற்றிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

வேலூரில் இறங்கி ஓடினேன். தள்ளுவண்டிகளும் டூவீலர்களும் நெருக்கும் லாங் பஜாருக்குள் கார் போகாது என்று தெரியும். கோட்டைப் பக்கம் நிறுத்தியிருப்பார்கள் என்று தேடினேன். அந்தக் காலத்தில் வெள்ளை அம்பாசடர் என்றால் வரிசைக்கு நாலு நிற்கும். டயரைப் பார்த்துக்கொண்டே போனேன். நாலும் புதிதாக மினுமினுக்கும் ஒன்று நின்றது. சார் வெள்ளை வேட்டி சட்டையில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மாவும் தங்கைகள் இரண்டு பேரும் பின்சீட்டில் இருந்தார்கள். டீச்சரும் பையனும் பழக்கூடைகளோடு அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்கள்.

“எஸ்தர்? நீ எங்கே இங்க?”

“சார், ஒரு வீலைக் கழட்டணும். மாட்டும்போது உள்ளே கம்பி ஒண்ணு அறுந்த மாதிரி சத்தம் கேட்டுது. என் தப்புதான். காலையிலயே சொல்லியிருக்கணும்.”

சார் வண்டியை விட்டு இறங்கினார். முகம் சிவந்துவிட்டது.

“காலையில சொல்றதுக்கு இன்னா? நான் எதிர்லதானே நின்னேன்?”

“வாய் வரல சார்.”

“வண்டி நல்லாதானே வந்துது? பன்னெண்டு மணிக்கு அங்க நிக்கணும். கண்ட சத்தத்துக்கெல்லாம் நடுரோட்ல வீலைக் கழட்டுவியா?”

எந்த வீல் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. புது டயரில் ஒரு பக்கம் சின்ன வண்ணப் பொட்டு இருக்கும். அதை வால்வுக்கு நேராக வைத்துத்தான் எப்போதும் மாட்டுவேன். அன்றைக்கு நாலாவதை மாட்டிய அவசரத்தில் பொட்டைப் பார்க்கவே இல்லை. சுற்றி வந்தேன். பின்பக்கம் இடது வீலில்தான் பொட்டு எங்கேயோ இருந்தது, வால்வு எங்கேயோ இருந்தது. குனிந்து விரலை அந்தக் கோட்டின் மேல் ஓட்டினேன். காலையில் சமமாக இருந்த கோடு, ஒரு கையகலத்துக்கு, நூலளவு மேலே தள்ளியிருந்தது.

“பாருங்க சார்.”

சார் குனிந்து பார்த்தார். “ஒண்ணும் தெரியல.”

டீச்சர் பழக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, பட்டுப்புடவையை ஒதுக்கிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் விரல் ஓட்டிய இடத்தில் அவரும் ஓட்டினார். ஒரு முறை, இன்னொரு முறை.

“இங்க மட்டும் தூக்கலா இருக்குதுங்க” என்றார்.

“ஸ்டெப்னியைப் போடலாம் சார்” என்றேன்.

“அந்த மொட்டை டயரையா? புது டயரைக் கழட்டிட்டு?”

“அது பஞ்சர் ஆனா வண்டி இழுத்துக்கினு நிக்கும், எறங்கிக்கலாம். இதுல மத்த கம்பியும் அறுந்தா டயரே ரிம்மை விட்டு வெளியே வந்துடும். ஆறு பேர் இருக்கீங்க. ஸ்டெப்னி போட்டுக்கினு மெதுவா போங்க.”

சார் டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடுத்து என் காலடியில் வைத்தார். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் ஸ்பேனரை எடுத்து நட்டைத் தளர்த்தப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன். முதலில் காற்றை இறக்க வேண்டும். வால்வுப் பின்னைக் கழற்றி, கடைசிச் சீறல் நிற்கும் வரை மற்ற யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்க்கிறார் என்பதற்காக நான் ஒரு நட்டைக்கூட அவசரமாகத் திருகவில்லை. அன்றைக்கு ஒருமுறை அவசரப்பட்டது போதும்.

வீல் மாறியது. “திரும்பி வந்து பேசிக்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு சார் வண்டியை எடுத்தார். டீச்சர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். பழக்கூடையை வைக்க டிக்கியில் இடம் வேண்டும் என்பதால் கழற்றிய வீலை என்னிடமே விட்டுவிட்டார்கள். அதை உருட்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கண்டக்டர் படியில் நின்றபடி, “இன்னாம்மா, எங்க பஸ்ஸுக்கு ஸ்டெப்னி கொண்டாந்தியா?” என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. கண்டக்டர் பயந்துபோய், லக்கேஜ் டிக்கெட் பேச்சையே எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தாஸ் பக்கத்தில் உட்கார, டயரை ரிம்மிலிருந்து கழற்றினேன். தூக்கலாக இருந்த இடத்தில் ரப்பரைக் கத்தியால் கீறித் திறந்தோம். உள்ளே கம்பிக் கட்டு. நான் காலையில் கேட்டது ஒரே ஒரு டிக். ஒரு கம்பி அறுந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். பாதிக்கு மேல் அறுந்திருந்தன. மற்ற கம்பிகள் எல்லாம் ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில், ஆறு பேரின் பாரத்தில், ஒவ்வொன்றாக அறுந்தவை. வண்டிக்குள் யாருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்காது.

தாஸ் அந்தக் கம்பி முனைகளை விரலால் தொட்டுக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வாணியம்பாடி டாக்ஸியைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை.

மறுநாள் காலை சார் வீட்டுக்கு அந்தக் கீறிய டயரை எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே வைத்துக் காட்டினேன். வேறு டயர் நான் வாங்கித் தருகிறேன் என்றேன். சார் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். நிச்சயத்துக்கு முக்கால் மணி நேரம் லேட்டாகப் போய்ச் சேர்ந்தார்கள், பெண் வீட்டில் யாரோ குத்தலாகப் பேசியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் டயரைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். ஊரில் இனி யாரும் என்னிடம் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

நாலாம் நாள் மதியம் வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. டீச்சர் இறங்கினார். ஆட்டோக்காரர் ஒரு புது டயரை இறக்கி வைத்தார்.

“அவர் வரமாட்டாராம். கோவம் இன்னும் போவல” என்றார் டீச்சர். “நான் வேற கடைல குடுக்கட்டுமான்னு கேட்டேன். ‘வேற எவன்கிட்டயும் குடுக்காத. எஸ்தர் கிட்டயே குடு’ன்னு கத்துறார்.”

“டயருக்கு நான்தானே டீச்சர்...”

“அந்தப் பேச்சே வேணாம். மாட்டு.”

நல்ல வெயில். டயரை வாசலில் போட்டுச் சூடேற விட்டேன். டீச்சர் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்த அந்தக் கீறிய டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எஸ்தர், அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சு?”

வாயால் சொல்லிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. தாஸின் டூல்ஸ் டப்பாவில் இருந்து கட்டிங் பிளேயரை எடுத்தேன். கீறிய டயரில் அறுபடாமல் மிச்சம் இருந்த ஒரு கம்பியை நெம்பி வெளியே இழுத்து, பிளேயருக்கு நடுவில் வைத்து நறுக்கினேன்.

டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“இவ்ளோதானா?”

“இவ்ளோதான் டீச்சர்.”

நான் டயரை மாட்டி முடிக்கும் வரை அவர் அந்த வாளியை விட்டு எழுந்திருக்கவில்லை. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு லாரியும் கடந்து போகும் வரை நான் லிவரை அப்படியே பிடித்து நிறுத்தி, சத்தம் அடங்கிய பிறகுதான் மேலே தூக்கினேன்.

அன்றிலிருந்து ரிடையர் ஆன நாள் வரை அப்படித்தான் செய்தேன். நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்தில் கம்ப்ரெஸர் ஓடும், ரேடியோ பாடும், கஸ்டமர் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருப்பார். டயரின் கடைசி ஒரு சாண் ஏறும்போது மட்டும் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்த மாட்டேன் என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள். அப்படியும் அந்தச் சத்தம் ஒரு நாள் உங்களுக்குக் கேட்கத்தான் போகிறது. ரொம்பச் சின்னதாகத்தான் கேட்கும். உங்களைத் தவிர வேறு யாருக்கும் கேட்டிருக்காது. வீல் உங்கள் முழங்காலுக்கு அடியில் இருக்கும்போதே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான் வேலூர் வரை போக வேண்டியிருந்தது. எனக்காவது அந்த வண்டி அங்கே நின்றுகொண்டிருந்தது.